அக்காவின் ஹீற்றரும் எங்கள் அறுபது யூனிட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கிளிநொச்சிப் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன். ஒரு வீட்டுக்கு எத்தனை பொயின்ற் வேண்டும், மாதம் எத்தனை யூனிட் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துச் சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி. மூத்த அக்கா கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் இருக்கிறார். ஒரு மார்கழி இரவு தன் வீட்டு எனர்ஜி சேர்ட்டிபிக்கற்றைப் படம் எடுத்து அனுப்பினார். கூடவே குரல் பதிவு: "தம்பி, இந்த வீட்டைச் சூடாக்க வருசத்துக்கு இவ்வளவு போகும் எண்டு போட்டிருக்கு. நான் கட்டுறது அதில பாதிக்குக் கொஞ்சம் மேலதான். ஆர் பிழை, நானோ பேப்பரோ?"

அதற்குப் பதில் தேடித்தான் இதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினேன். பிறகு ஊரில் வெளிநாட்டு உறவு உள்ள ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

வன்னியில் இருந்துகொண்டு ஹீற்றரைப் பற்றி எதற்குப் பேச்சு?

எங்கள் ஒழுங்கையில் லண்டனிலோ ஜேர்மனியிலோ கனடாவிலோ ஆள் இல்லாத வீட்டை எண்ணிவிடலாம். தை, மாசியில் வருகிற காசு ஏன் மெலிகிறது என்று இங்கே ஒரு பெரியம்மா மனத்தாங்கலோடு இருப்பார். அங்கே பிள்ளை காஸ் மீற்றருக்குக் காசு போட்டுக்கொண்டிருப்பான். இது முதல் காரணம். மற்றது, அங்கே ஹீற்றரில் நடக்கிற அதே கணக்குப் பிசகு இங்கே ஃபானிலும் அடுப்பிலும் சோலாரிலும் நடக்கிறது. கடைசிக் கேள்விகளில் அதற்கு வருகிறேன்.

அந்த சேர்ட்டிபிக்கற் என்ன?

ஒரு வீட்டுக்கு எவ்வளவு எரிபொருள் தேவைப்படும் என்று மதிப்பிட்டுச் சொல்லும் பத்திரம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டை விற்க 2007 முதலும் வாடகைக்கு விட 2008 முதலும் அது தேவை. ஏ (மிக நல்லது) முதல் ஜி (மிக மோசம்) வரை தரம், பத்து வருடம் செல்லும். அங்கே வாடகை வீடு பொதுவாக ஈ தரத்துக்குக் கீழே இருக்கக்கூடாது. அக்காவின் வீடு அந்த ஈ-யில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தரம் வீட்டுக்கு, ஆட்களுக்கு இல்லை. உள்ளே யார் இருக்கிறார், என்ன சம்பளம், எத்தனை பிள்ளை என்று பார்ப்பதில்லை.

ஆளைப் பார்க்காமல் செலவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

வீட்டுக்குள் இருக்கும் சூடு சுவர், கூரை, யன்னல், நிலம், காற்று இடுக்கு வழியாக வெளியே ஓடும். எவ்வளவு ஓடும் என்பதை மூன்று விடயம் தீர்மானிக்கும்: அந்தப் பரப்பு எவ்வளவு பெரியது, எந்தப் பொருளால் ஆனது, உள்ளுக்கும் வெளிக்கும் எத்தனை பாகை வித்தியாசம். மூன்றையும் பெருக்கினால் ஓடிப்போகிற சூடு வரும். அதை ஈடுசெய்ய எவ்வளவு காஸ் எரிக்கவேண்டும், அதன் விலை என்ன என்று பார்த்தால் செலவு வந்துவிடும். பத்தாம் வகுப்புக் கணக்குத்தான்.

முதல் இரண்டையும் வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒருமாதிரிச் சொல்லிவிடலாம். மூன்றாவதைப் பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே எத்தனை பாகை என்பது இருக்கிறவரின் கையில். அதனால் ஒரு பொது வழக்கத்தை வைத்துக்கொள்கிறார்கள்: இருக்கும் அறை 21 பாகை, மற்ற அறைகள் 18 பாகை, வேலை நாட்களில் காலையும் மாலையுமாக ஒன்பது மணித்தியாலம் ஹீற்றர் ஓடும்.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு மார்கழி விடியற்காலையில் 20, 21 பாகைக்கு இறங்கினாலே கிழவர்கள் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு முற்றத்தில் சருகு கொளுத்திக் குளிர் காய்வார்கள். எங்கள் பனிக்குளிர் அவர்களுடைய கணக்கில் கதகதப்பு.

அப்படியென்றால் அக்கா பாதி கட்டுவது எப்படி?

வீடியோ அழைப்பில் ஒருநாள் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். நடு அறையில் மட்டும் ரேடியேட்டர் சூடு. பிள்ளைகள் இரண்டும் அங்கேயே சோபாவில், ஒரே கம்பளத்துக்குள், மடியில் பாடப்புத்தகம். அக்கா சுவெற்றருக்கு மேல் அத்தானின் ஜக்கெற். மற்ற அறைகளின் ரேடியேட்டர் திருகுகள் எல்லாம் பூச்சியத்தில். படுக்கை அறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கமராவை அந்தப் பக்கம் திருப்பியவர் உடனே வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

அவர்களுக்கு முன்பணம் கட்டுகிற மீற்றர். கரண்டுக்கு ஒரு சாவி, காஸுக்கு ஒரு அட்டை. மூலைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏற்றவேண்டும், நாங்கள் போனுக்கு ரீலோட் போடுவதுபோல. அதில் ஒரு பொல்லாத விடயம்: ஹீற்றரைத் தொடாமலே இருந்தாலும் நாளொன்றுக்கு ஒரு நிலையான கட்டணம் கழிந்துகொண்டே இருக்கும். கோடையில் காஸைத் தொடாதவர்கள் ஐப்பசியில் அட்டையைப் போட்டால், ஏற்றிய காசில் ஒரு பங்கு பழைய நிலுவைக்குப் போய்விடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வெளியே 6 பாகை என்று வையுங்கள். கணக்குப்படி எல்லா அறையும் எல்லா நேரமும் சேர்த்துச் சராசரி 18 என்று வையுங்கள், வித்தியாசம் 12. அக்காவின் வீட்டில் அதே சராசரி 13 இருந்தால் பெரிய விடயம், வித்தியாசம் 7. அதிலேயே பன்னிரண்டில் ஐந்து பங்கு சூடு குறைந்துவிட்டது, மிச்சம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான். ஒன்பது மணித்தியாலத்துக்குப் பதில் நாலு மணித்தியாலம்தான் எரிக்கிறார்கள் என்பதால்தான் அந்தச் சராசரியே அவ்வளவுக்கு இறங்குகிறது. பாதிச் செலவு வந்ததில் மாயம் ஒன்றும் இல்லை. வீடு மிச்சம் பிடிக்கவில்லை, அக்கா குளிரைத் தாங்குகிறார்.

இது ஒரு வீட்டுக் கதையா, எல்லா இடமும் இப்படியா?

ஜேர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் தரவை எடுத்து, மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கல்வின் என்ற இருவர் 2012-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கு சொன்னதைவிட உண்மைப் பாவனை சராசரியாக 30 வீதம் குறைவு. வீட்டின் தரம் எவ்வளவுக்கு மோசமோ, இடைவெளி அவ்வளவுக்குப் பெரியது. சூடு வெளியேறாமல் நன்றாகக் காப்பிட்ட, சிக்கனமான வீடுகளில் இதற்கு நேர்மாறு: கணக்கைவிடக் கூடுதலாக எரித்தார்கள். முதலாவதற்கு அவர்கள் ப்ரீபவுண்ட் என்று பெயர் வைத்தார்கள். வீட்டைத் திருத்தும் முன்பே, வீட்டில் இருக்கிறவர்கள் தாங்களாகவே மிச்சம் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள்.

மோசமான வீட்டில் இருப்பவர் எல்லாரும் ஏழை இல்லை. பழைய பெரிய வீட்டில் இரண்டு அறையை மட்டும் பாவிக்கிற வசதியான கிழவரும் இருப்பார். ஆனால் காசு குறைந்தவர்கள் போய்ச் சேருகிற வீடு பெரும்பாலும் எது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஜேர்மனியில் இருக்கும் மச்சான் தன் சேர்ட்டிபிக்கற்றில் உண்மைப் பாவனைதான் போட்டிருக்கிறது என்கிறாரே?

சரிதான். அங்கே இரண்டு வகை. ஒன்று சுவரையும் கூரையையும் வைத்துக் கணக்கிட்ட தேவைப் பத்திரம். மற்றது கடந்த மூன்று வருடம் உண்மையில் எரித்ததை வைத்து எழுதிய பாவனைப் பத்திரம். கேட்க இரண்டாவதுதான் நேர்மையாகத் தெரியும். ஆனால் முன்பு இருந்தவர்கள் நடுங்கிக்கொண்டு இருந்திருந்தால், அந்த நடுக்கமே நல்ல தரமாகப் பத்திரத்தில் ஏறிவிடும். அடுத்து வருகிறவர் நல்ல வீடு என்று நம்பி ஏமாறுவார்.

கனடாவில்?

அங்கே பழைய மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் சூடு வாடகையோடு சேர்ந்தது. ரொறொன்ரோவில் குளிர்காலத்தில் வீட்டுக்காரர் 21 பாகை கொடுத்தே ஆகவேண்டும் என்று நகரசபைச் சட்டமே இருக்கிறது. அதனால் என் கூட்டாளி பனி கொட்டும்போதும் வெக்கை தாங்காமல் யன்னலைத் திறந்துவிட்டுப் பேசுகிறான். அவனும் ஏழைதான். பில் அவன் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கிலும் பிழை இருக்கலாம்தானே?

இருக்கிறது. எல்லாவற்றையும் ஆட்களின் தலையில் கட்டக்கூடாது. பிரித்தானியாவின் பழைய திண்மச் செங்கல் சுவரை எடுங்கள். சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, 2.1 வாற்று சூடு ஓடும் என்று நெடுங்காலம் கணக்கில் வைத்திருந்தார்கள். உண்மையான வீடுகளில் அளந்து பார்த்தபோது அவ்வளவு ஓடவில்லை, பிறகு 1.7 ஆகக் குறைத்தார்கள். அதாவது பழைய வீடுகளைக் காகிதத்தில் உண்மையைவிட மோசமாகக் காட்டியிருக்கிறார்கள். வீட்டைப் பார்க்க வருகிறவரும் சுவரை உடைத்துப் பார்ப்பதில்லை. கட்டிய காலத்தை வைத்து மதிப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

சுவருக்குக் காப்புப் போட்டால் வருசம் இவ்வளவு மிச்சம் என்று அதிலேயே போட்டிருக்கிறதே, வருமா?

அந்த அளவு வராது. அந்த மிச்சம், திருத்தும் முன் கணக்கில் இருந்து திருத்திய பின் கணக்கைக் கழித்து வந்தது. அக்கா அந்த முதல் தொகையை ஒருநாளும் செலவழித்ததில்லை. செலவழிக்காத காசை எப்படி மிச்சம் பிடிப்பது?

இங்கிலாந்தில் 2000 முதல் 2013 வரை வோர்ம் ஃப்ரன்ட் என்ற அரசுத் திட்டத்தில் வறிய வீடுகளுக்குக் காப்பும் புது ஹீற்றரும் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு ஆய்வாளர்கள் போய் அளந்தார்கள். எரிபொருள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. வீடுகள்தான் முன்பைவிடச் சூடாக இருந்தன. பதினாறு பாகையில் இருந்தவர் பதினெட்டு, பத்தொன்பதுக்கு ஏற்றிக்கொள்வது இயல்பு. இயந்திரம் சிக்கனமானால் எரிபொருள் பாவனை குறையாமல் கூடவும் கூடும் என்று நிலக்கரியை வைத்து ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1865-லேயே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் பேசியது தொழிற்சாலை பெருகுவதைப் பற்றி. குளிர்ந்த அறையில் இருந்த பிள்ளை மேசையில் இருந்து எழுதத் தொடங்கியதையும் அதோடு சேர்த்துப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போ அந்தத் திட்டம் வீண் செலவா?

காஸ் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த அளவுகோலால் பார்த்தால் வீண் இல்லை. எனக்கு இரண்டாவது அளவுகோல் போதும். அலுமாரிக்குப் பின்னால் பார்த்துவிட்டேன்.

2022-இல் பிரித்தானியாவில் காஸுக்கும் கரண்டுக்கும் எவரும் வருசம் 2,500 பவுணுக்கு மேல் கட்டத் தேவையில்லை என்றார்களே?

இந்தப் பிழை எங்கள் ஊர்வரை வந்தது. அப்போதைய பிரதமர் லிஸ் ட்ரஸின் அரசு ஐப்பசி 2022 முதல் கட்டுப்படுத்தியது யூனிட் விலையை. 2,500 என்பது வருசம் 12,000 யூனிட் காஸும் 2,900 யூனிட் கரண்டும் எரிக்கிற ஒரு சாதாரண வீட்டுக்கு வரும் தொகை. கூட எரித்தால் கூடக் கட்டவேண்டும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அந்த ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்ல, அது உச்சவரம்பு என்று பலர் நம்பினார்கள். அக்கா குறைய எரித்துவிட்டு 2,500 கட்டவேண்டி வருமோ என்று பயந்தார். இன்னொரு உறவினர் எவ்வளவும் எரிக்கலாம் என்று நம்பினார். ஒரே எண், இரண்டு திசையில் பிழை.

பில் குறைவு என்றால் கஷ்டம் குறைவு என்றுதானே பொருள்?

இல்லை. அங்கத்தைய ஆட்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள் என்பதை ஒத்துக்கொள்ளவேண்டும். பிரெண்டா போர்ட்மன் என்ற ஆய்வாளர் 1991-இல் எரிபொருள் வறுமைக்கு ஒரு வரையறை சொன்னார்: வீட்டைப் போதிய சூட்டில் வைக்க வருமானத்தில் பத்து வீதத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது வறுமை. "தேவைப்பட்டால்" என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது. உண்மையில் கட்டிய பில்லை வைத்தால், ஹீற்றரைத் தொடவே பயப்படுகிற வீடு பட்டியலில் வராமல் போய்விடும்.

அதனால் கணக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எவ்வளவு வேண்டும் என்பதற்கு அது பயன்படும். எவ்வளவு மிச்சம் வரும் என்பதற்கு அதைப் பாவித்தால்தான் பிசகும்.

சரி, எங்கள் ஊரில் இது எப்படி?

எங்கள் பக்கம் ஒரு ஆச்சி வீடு. வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு, ஓட்டுக் கூரை. மகன் ஃபானும் சின்ன ஃபிரிட்ஜும் வாங்கிக் கொடுக்க நான்தான் வயர் இழுத்தேன். கணக்குப் போட்டேன்: கூரை ஃபான் 75 வாற்று, நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் மாதம் 18 யூனிட். அதோடு ஃபிரிட்ஜ், விளக்கு, ரீவி, கிணற்று மோட்டர். எப்படியும் 90 தாண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆச்சியின் பில் ஐம்பத்துச் சொச்சம். அடுத்த மாதமும் அப்படித்தான்.

மீற்றரில் ஏதோ கோளாறு என்று பார்க்கப் போனேன். மீற்றர் சரி. சுவரில் தொங்கிய கலண்டரின் ஒவ்வொரு திகதியிலும் பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தது. ஆச்சி தினமும் விடிய மீற்றரைப் பார்த்து எழுதுகிறார். மாதம் முடியப் பத்து நாள் இருக்கையில் நாற்பத்தைந்து தாண்டியிருந்தால் இரவில் ஃபிரிட்ஜைக் கழற்றிவிடுவார், மோட்டரை நிறுத்திவிட்டு வாளியால் அள்ளுவார். ஏனென்றால் எங்கள் வீட்டுக் கட்டண முறையில் மாதம் 60 யூனிட் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டில் இருந்தே வேறு வீதம். ஆவணி 2022-இல் கட்டணம் சராசரி 75 வீதமும், மாசி 2023-இல் மறுபடி 66 வீதமும் கூட்டியபோது ஆச்சியைப் போல் கலண்டரில் எழுதுகிறவர்கள் கூடினார்கள். பிறகு குறைத்தார்கள்தான், ஆனால் எழுதுகிற பழக்கம் போகவில்லை.

"அறுபதைத் தாண்ட விடமாட்டன் தம்பி" என்றார். இந்த ஒரு வசனத்தை என்னுடைய கணக்கில் எந்த இடத்தில் போடுவது? ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த தலைமுறை அது. சுவிச்சை நிறுத்துவது அவர்களுக்குத் தியாகமாகவே தெரியாது, அதுதான் பார்க்கிறவர் கண்ணுக்கும் படுவதில்லை.

வெக்கைக்கு?

சித்திரை, வைகாசியில் தகரக் கூரை வீட்டுக்குள் நண்பகலில் ஃபான் போட்டால் சூடான காற்றுத்தான் அடிக்கும். ஆட்கள் வேம்புக்குக் கீழே பாயை விரித்துவிடுவார்கள், இரவில் விறாந்தை. ஃபான் ஓடவில்லை என்றால் வெக்கை இல்லை என்று கணக்குச் சொல்லும். அந்த வேம்பின் நிழல்தான் வீட்டின் மிகப் பெரிய அறை, அதற்கு மீற்றர் இல்லை.

சோலார் பூட்டினால் மாதம் இவ்வளவு மிச்சம் என்று கொம்பனிக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

உங்கள் கடைசி ஆறு பில்லையும் எடுத்து மேசையில் வையுங்கள். என் அயல்வீட்டுக்கு வந்த ஒரு கொம்பனி ஆள், "சாதாரண வீட்டுக்கு" என்று 150 யூனிட்டில் மிச்சம் போட்டுக் காட்டினார். அந்த வீட்டில் போவது 48. பில்லில் வரும் மிச்சம் பில்லைவிடப் பெரிதாக இருக்க முடியாது, அதிலும் குறைந்த வீதத்தில் உள்ள பில். கூரையில் இருந்து மின்சார சபைக்குக் கொடுக்கும் யூனிட்டுக்குக் காசு வருகிற திட்டத்தில் சேர்ந்தால் கதை வேறு. அப்போது அதைச் சின்ன வியாபாரமாக நினைத்து, கடன் வட்டியையும் சேர்த்துத் தனியாகக் கணக்குப் பாருங்கள்.

அடுப்பு, காஸ்?

அதே கதைதான். அனகி என்ற களிமண் அடுப்பு மூன்று கல்லு அடுப்பைவிட விறகைக் குறைக்கும், உண்மை. ஆனால் நெல் அவிக்கிற பெரிய கிடாரம் அதில் இருக்காது, அதனால் முற்றத்துக் கல்லு அடுப்பும் எரிந்துகொண்டே இருக்கும். காஸ் சிலிண்டரும் அப்படி. பன்னிரண்டரை கிலோ ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை மாதம் என்று நான் கணக்குப் பார்த்துச் சொன்ன வீட்டில் அது ஏழு மாதம் ஓடியது. பின்னேரத் தேத்தண்ணிக்கும் பால்மாவுக்கும் மட்டும் காஸ். சோறு கறி எல்லாம் விறகில். கணக்கெடுப்பில் அந்த வீடு "காஸ் பாவிக்கும் வீடு" என்றுதான் பதிவாகும்.

கடைசியில் அக்காவுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

பேப்பரும் பிழை இல்லை, நீங்களும் பிழை இல்லை, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில் என்றேன். பூஞ்சணத்தைத் திகதியோடு படம் எடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைக்கவும், சமைக்கும்போது யன்னலைக் கொஞ்சம் திறக்கவும் சொன்னேன். கோடையிலும் காஸ் அட்டையில் மாதம் சிறிது ஏற்றி வைத்தால் ஐப்பசியில் நிலுவை இடிக்காது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க இப்ப வெக்கையோ?" என்றார். மார்கழி, நான் சாரத்தைப் போர்த்திக்கொண்டு இருந்தேன். 22 பாகை என்றேன். அக்கா நெடுநேரம் சிரித்தார்.